மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து கொழும்புக்குக் குடிபோகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வாகரை தொடக்கம் பொத்துவில் வரை, வேலைக்கும் படிப்புக்குமாகக் கொழும்பு போகிற பிள்ளைகள் வருடா வருடம் கேட்கிற கேள்விகள் இவை. சிலதைக் கேட்பவர்கள் பெற்றோர். கொழும்பில் முதல் மூன்று மாதம் படுகிற பாட்டில் பாதி, அவசரத்தில் பிடித்த அறையாலும் ஊரில் விட்டுவந்த கடதாசிகளாலும் வருகிறது. ஆகவே அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

எல்லோரும் வெள்ளவத்தையில் அறை எடு என்கிறார்கள். அங்கேதான் இருக்க வேண்டுமா?

இல்லை. வேலை செய்யும் இடம் எது என்று முதலில் உறுதியாகட்டும். அறை அதற்குப் பிறகு.

வெள்ளவத்தை (கொழும்பு 6) நம்மவர்களுக்கு வசதியான இடம்தான். கடையில் தமிழில் கதைக்கலாம், சைவக்கடைகள் நிறைய, கோயிலும் பள்ளிவாசலும் நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. வாடகையும் அதற்கேற்ப உயர்ந்துதான் இருக்கும். வேலை பத்தரமுல்லையிலோ மாலபேயிலோ கிடைத்து, அறை வெள்ளவத்தையில் என்றால், காலையில் பஸ் மாறி மாறிப் போகவேண்டி வரும். மாலையிலும் அதே கதை. ஒரு மாதத்திலேயே உடம்பு களைத்துவிடும். பிறகு அறை மாறப் பார்த்தால் முற்பணம் திரும்பக் கிடைக்காது.

வேலை கோட்டை, புறக்கோட்டை, துறைமுகப் பக்கம் என்றால் கொட்டாஞ்சேனையையும் (கொழும்பு 13) மட்டக்குளியையும் (கொழும்பு 15) பாருங்கள். இரண்டும் தமிழ் நன்றாகப் புழங்கும் பழைய குடியிருப்புகள். மருதானை, தெமட்டகொடை, மாளிகாவத்தைப் பக்கம் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் பலர் அங்கே அறை எடுக்கிறார்கள். மருதானையில் பெரிய ரயில் நிலையம் இருப்பது கூடுதல் வசதி. வெள்ளவத்தைக்கு அடுத்த தெஹிவளை மாநகர எல்லைக்கு வெளியே இருக்கிறது, வாடகை கொஞ்சம் இறங்கும். நுகேகொடை, கிருலப்பனை, மஹரகம எல்லாம் 138ஆம் இலக்க பஸ் ஓடும் ஹைலெவல் வீதியை ஒட்டியவை. அங்கே சிங்களம்தான் அதிகம் புழங்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், ஆறு மாதத்தில் சிங்களம் வாயில் வந்துவிடும்.

"சிங்கள ஊருக்குப் பிள்ளையை அனுப்புகிறோம்" என்று பயப்படும் பெற்றோருக்கு ஒரு விஷயம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாநகர எல்லைக்குள் எந்தவோர் இனமும் பாதிக்கு மேல் இல்லை. செட்டியார் தெருக் கதிர்வேலாயுத சுவாமி கோயில்கள், 1908இல் கட்டத் தொடங்கிய புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எல்லாம் ஒரே நடையில் பார்த்து முடிக்கக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

முதல் இரண்டு கிழமை உறவினர் வீட்டிலோ நாள்வாடகை லொட்ஜிலோ இருந்துகொண்டு தேடுங்கள். பிடித்த அறை ஒன்று கிடைத்தால், ஒரு வேலைநாள் காலை ஏழரை மணிக்கு அந்த வாசலிலிருந்து வேலையிடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வெறும் றோட்டைப் பார்த்து முடிவெடுத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

வெள்ளவத்தையில் அறை தேடும்போது காலி வீதிக்குக் "கடல் பக்கமா, லேண்ட் சைட்டா" என்று கேட்பார்கள். கடல் பக்கத்தில் காற்று நல்லது. ஆனால் உப்புக்காற்றில் இரும்புக் கதவும் மோட்டார் சைக்கிளும் சீக்கிரம் துருப்பிடிக்கும், கரையோர ரயில் சத்தம் விடியற்காலையில் தொடங்கிவிடும்.

புறப்படும் முன் ஊரில் எடுத்து வைக்க வேண்டிய பத்திரங்கள் எவை?

தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதி இரண்டு, சாதாரண தர மற்றும் உயர்தரப் பெறுபேறுகள், பாடசாலை விடுகைப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றிதழ், கடவுச்சீட்டு அளவுப் படங்கள் பத்து. இவை அடிப்படை.

கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டால்தான் கொழும்பில் எடுபடும். வதிவிடம் ஊரில் பதிவாகியிருப்பதால் அதைக் கொழும்பில் எடுக்க முடியாது, அதற்காகவே திரும்பி ஊருக்கு வந்து போகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குத்தான் ஏற்றுக்கொள்வார்கள் என்பதால், புறப்படுவதற்கு முந்திய கிழமையில் எடுப்பது நல்லது.

நம் பக்கத்துப் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். தனியார் நிறுவனங்களும் சில அலுவலகங்களும் ஆங்கில அல்லது சிங்கள மொழிபெயர்ப்புக் கேட்கும். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஊரிலேயே செய்வித்துக்கொண்டு போங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான சிக்கல் பெயர் எழுத்து. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் வேறு, பரீட்சைச் சான்றிதழில் இன்னொன்று. தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால். வங்கியிலும் சேமலாப நிதியிலும் இது பல வருடங்களுக்குப் பிறகு வந்து இடறும். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் விரித்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். சிறு வித்தியாசம் என்றால், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையிலேயே பிழை என்றால் அதைத் திருத்திவிட்டுப் புறப்படுங்கள். எல்லாவற்றையும் படமெடுத்துத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வைப்பது நல்லது. மூலப் பிரதிகளைப் போர்டிங்கில் வைக்காமல் ஊரில் விட்டு, கேட்கும்போது மட்டும் எடுத்துவரலாம்.

பஸ்ஸா, கோச்சியா? எங்கே இறங்குவது?

மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. ஆகவே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களுக்கு நேரடி பஸ்தான் இலகு. ரயில் என்றால் மட்டக்களப்பு வரை வந்து ஏற வேண்டும். பகலில் உதயதேவி, இரவில் தபால் ரயில். இரண்டும் பொலன்னறுவை, கல்ஓயாச் சந்தி, மாஹோ வழியாகச் சுற்றிப் போகும். கல்ஓயாப் பக்கம் யானைகள் தண்டவாளத்தில் ஏறுவதால் வேகத்தைக் குறைத்தே ஓட்டுகிறார்கள், பிந்தினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய பெட்டி படுக்கையோடு முதல் தடவை போகிறவர்களுக்கு முன்பதிவு செய்த ரயில் ஆசனமே நிம்மதி.

இரவு பஸ் விடியுமுன் புறக்கோட்டையில் இறக்கிவிடும். இடம் தெரியாதவர்கள் அந்த இருட்டில் ஓட்டோ பிடித்து அலைய வேண்டாம். வெளிச்சம் வரும்வரை ஆள் நடமாட்டமுள்ள பஸ் நிலையத்திலோ கோட்டை ரயில் நிலையத்திலோ இருங்கள். ஓட்டோவுக்குப் பிக்மீ, ஊபர் செயலிகளில் கட்டணம் முன்கூட்டியே தெரியும். வழியில் மறித்து ஏறினால் மீற்றர் போடச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

கையில் எவ்வளவு காசு கொண்டு போவது?

தொகை சொன்னால் அடுத்த வருடமே பிழைத்துவிடும், கணக்கைச் சொல்கிறோம். அறை முற்பணம், முதல் மாத வாடகை, இரண்டு மாதச் சாப்பாடும் பஸ்ஸும், படுக்கை முதலான சாமான், ஊருக்கு ஒரு தடவை வந்துபோகும் செலவு. இவை ஐந்தையும் கூட்டுங்கள். இரண்டு மாதம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பல இடங்களில் சம்பளக் கணக்கு மாதத்தின் 20 அல்லது 25ஆம் திகதியோடு மூடப்படும். 22ஆம் திகதி வேலையில் சேர்ந்தவருக்கு முதற் சம்பளம் அடுத்த மாதக் கடைசியில்தான் கைக்கு வரும்.

அறை பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

தண்ணீரும் கரண்டும். சுவர்ப் பூச்சைப் பிறகு பார்க்கலாம்.

குழாயைக் காலையிலோ மாலை ஆறு மணிக்குப் பிறகோ திறந்து பாருங்கள். மாடி அறைகளில் அந்த நேரத்தில் தண்ணீர் ஏறாது. கூரைத் தாங்கி இருக்கிறதா, எத்தனை அறைக்கு ஒரு தாங்கி என்று கேளுங்கள். கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்குக் கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரின் மணக்கும். கொதிக்க வைத்து, திறந்த பாத்திரத்தில் ஆறவிட்டால் போய்விடும்.

கரண்டில்தான் அதிகம் காசு போகிறது. வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகுக்குள் நின்றால் ஒரு விலைப்பட்டியல், அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு பட்டியல், 180ஐத் தாண்டிய அலகுகளுக்கு உச்ச விலை. நீங்கள் தனியே 40 அலகு பாவித்தால் சின்னத் தொகைதான். ஐந்து அறைக்கு ஒரே மீற்றர் என்றால் மொத்தம் 200 அலகாகி, எல்லோர் தலையிலும் உச்ச விலை விழும். ஆகவே தனி மீற்றரா, பொது மீற்றரா, உள்மீற்றரா (பொது மீற்றருக்குப் பின்னால் அறைக்கென்று வீட்டுக்காரர் பூட்டுவது) என்று கேளுங்கள். உள்மீற்றர் என்றால் அலகுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். குடிபுகும் நாளில் மீற்றர் இலக்கத்தைப் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் அறிவுரைகளில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

மற்றவை: சமைக்கலாமா, மீன் இறைச்சி சமைக்கலாமா, வாசல் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், ஊரிலிருந்து அம்மா வந்தால் ஓர் இரவு தங்கலாமா. வெட்கப்படாமல் கேளுங்கள். கால்வாய்க் கரைகளிலும் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பள்ளங்களிலும் கீழ்மாடி அறை என்றால், சுவரில் பழைய வெள்ளக்கோடு தெரிகிறதா என்று பாருங்கள்.

முற்பணம் கேட்கிறார்கள். எழுத்தில் என்ன இருக்க வேண்டும்?

மூன்று மாதம் முதல் ஒரு வருடம் வரை முற்பணம் கேட்பது கொழும்பில் வழமை. புரோக்கர் மூலம் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை அளவு தனி.

இலங்கைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் குத்தகையாகச் செல்லும். வீட்டுக்காரர் கொப்பித் தாளில் "ஒரு வருடம்" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தால் அது காசு கொடுத்ததற்குச் சாட்சியாகும், ஒரு வருடம் இருக்கும் உரிமையைத் தராது. ஒரு வருட முற்பணம் கொடுக்கிற அளவுக்குப் போனால் நொத்தாரிசுச் செலவைப் பார்க்க வேண்டாம். மாத வாடகைப் போர்டிங் என்றால் பற்றுச்சீட்டாவது வேண்டும். அதில் திகதி, தொகை, முற்பணமா வாடகையா என்ற விபரம், எத்தனை நாள் முன்னறிவித்தல், எந்தக் காரணத்துக்குக் கழிப்பார்கள் என்ற ஐந்தும் இருக்கட்டும். காசை வங்கி மூலம் அனுப்பி, குறிப்பில் "முற்பணம்" என்று எழுதுவது இன்னும் பாதுகாப்பு.

அறையைக் கண்ணால் பார்க்காமல், "இன்னொருவர் கேட்கிறார், இப்பவே பதிவுக்காசு போடுங்கள்" என்ற தொலைபேசிக் கதைக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

பொலிஸ் பதிவு (கொழும்பில் தங்குகிறவர் விபரத்தைப் பொலிஸில் பதிவது) இன்னும் இருக்கிறதா? அப்பா அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்பாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களைப் பார்த்தவர்கள் மறப்பது கடினம்.

இன்று வீட்டிலுள்ளோர் விபரத்தைப் பொலிஸ் கேட்டால், பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவின் கீழ் படிவம் ஒன்று வரும். அதை நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு வீட்டை வைத்திருப்பவருடையது. நீங்கள் அடையாள அட்டைப் பிரதி ஒன்றைக் கொடுத்து, அதில் "வீட்டிலுள்ளோர் விபரத்துக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதித் திகதி போடுங்கள். மூல அட்டையை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம், ஆனால் சமாளித்துக்கொண்டே இருந்துவிடாதீர்கள். பத்து வருடம் கொழும்பில் இருந்தும் ஒரு படிவம் நிரப்ப ஆள் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் மாதமே தொடங்குங்கள்.

பஸ்ஸில்: "இஸ்ஸரஹா ஹோல்ட் எகே பஹினவா" என்றால் அடுத்த தரிப்பில் இறங்குகிறேன். "இத்துரு சல்லி தென்ன" என்றால் மிச்சக் காசைத் தாருங்கள். கடையில் "கீயத?" என்றால் எவ்வளவு. புரியாவிட்டால் "ஹெமின் கியன்ன", மெதுவாகச் சொல்லுங்கள். அலுவலகத்தில் "தெமள புளுவன் கெனெக் இன்னவாத?", தமிழ் தெரிந்த ஒருவர் இருக்கிறாரா? பிழையாகச் சொன்னாலும் சொல்லுங்கள். நீங்கள் முயன்றால் எதிரில் நிற்பவரும் தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை எடுத்து விடுவார்.

உறவுச் சொற்களில் கவனம் வேண்டும். சிங்களத்தில் "அய்யா" என்றால் அண்ணன், "தாத்தா" என்றால் தகப்பன். நம் பக்கம் தமிழருக்குத் தாத்தா பாட்டனார், முஸ்லிம் வீடுகளில் தாத்தா மூத்த சகோதரி. "அக்கா" மூன்று வீட்டுக்கும் விளங்கும் சொல், அதை எங்கேயும் நம்பிச் சொல்லலாம்.

முறையாகப் படிக்க விரும்பினால் ராஜகிரியவிலுள்ள அரச கருமமொழிகள் திணைக்களம் வகுப்புகள் நடத்துகிறது. அரச வேலைக்குப் போக எண்ணமிருந்தால், அங்கே வைக்கும் மொழித் தேர்ச்சிப் பரீட்சை பிறகு கைகொடுக்கும்.

அரச அலுவலகத்தில் தமிழில் கடிதம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள். வடக்கு கிழக்குக்கு வெளியேயும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. நடைமுறையில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் அன்று லீவு என்பார்கள். அப்போது கோபப்படாமல், கடிதத்தைத் தமிழிலேயே கையளித்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரச கருமமொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எந்த அலுவல் எந்த அலுவலகத்தில் என்று தெரியாவிட்டால் 1919க்குத் தமிழில் கேளுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்குப் பிரதேச செயலகம் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனை ஆட்களுக்குக் கொழும்புப் பிரதேச செயலகம்.

பஸ் இலக்கங்கள் குழப்புகின்றன.

முதலில் நாலை மனதில் வையுங்கள். 100 (பாணந்துறை), 101 (மொரட்டுவை) இரண்டும் காலி வீதியால் புறக்கோட்டைக்குப் போகும். 138 ஹைலெவல் வீதி. வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்கு 141.

புதியவர்களை அலைய வைக்கிற இடம் ஒன்று உண்டு. பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் காலி வீதி கோட்டை நோக்கிய ஒருவழிப் பாதை. திரும்பி வரும் பஸ் டுப்ளிகேஷன் றோட்டால்தான் வரும். காலையில் இறங்கிய இடத்துக்கு எதிரே நின்று மாலையில் எவ்வளவு நேரம் பார்த்தாலும் உங்கள் பஸ் வராது, ஒரு தெரு உள்ளே நடக்க வேண்டும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கோட்டை எல்லாம் கரையோரப் பாதையில் வரிசையாக வரும் ரயில் நிலையங்கள். வேலை அந்த வரிசையில் என்றால் மாதச் சீசன் டிக்கற் எடுங்கள். காலியோ மாத்தறையோ போகிற கடுகதி ரயில்கள் சின்ன நிலையங்களில் நில்லா, ஏறுமுன் கேளுங்கள்.

வேலையில் சேரும்போது எதைக் கேட்டு வாங்குவது?

நியமனக் கடிதம். அதில் அடிப்படைச் சம்பளமும் கொடுப்பனவும் தனித்தனியே இருக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிப்பார்கள், முதலாளி 12 வீதம் போட வேண்டும், நம்பிக்கை நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம். "பயிற்சிக் காலத்துக்கு ஈ.பி.எப். இல்லை" என்று சொல்வது பிழை, முதல் நாளிலிருந்தே உண்டு. சம்பளச் சீட்டில் உறுப்பினர் இலக்கம் இருக்கிறதா பாருங்கள். கழித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற இடங்களும் உண்டு.

கடை, அலுவலக ஊழியர்களுக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. தராவிட்டால் நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்திலோ பகுதித் தொழில் அலுவலகத்திலோ முறையிடலாம், சட்டத்தரணி தேவையில்லை.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்களக் கடைகளில் சம்பல், கத்தரிக்காய், சில வேளை பருப்பிலும்கூட மாசிக் கருவாடு சேர்ப்பார்கள், அவர்கள் அதை மீனாகக் கணக்கெடுப்பதில்லை. "உம்பலகட தாலாத?", மாசி போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரருக்குச் சைவக்கடையே நிச்சயம். ஹலால் சாப்பாட்டுக்குக் கொழும்பில் சிரமமே இல்லை.

மூன்று நேரமும் பார்சல் என்றால் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போகும். சோறு மட்டும் அறையில் போட்டு, கறியைக் கடையில் எடுத்தாலே செலவு நன்றாகக் குறையும். ஊர் அரிசி பத்துக் கிலோ பஸ்ஸில் வந்தால் இருவருக்கு ஒரு மாதம் போகும்.

நான் கதைப்பதைக் கேட்டு மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

"மறுகா வாறன்" (பிறகு வருகிறேன்), "அந்தச் சந்தியில கிறுகு" (திரும்பு) என்றால் யாழ்ப்பாணப் பிள்ளைக்கும் மலையகப் பிள்ளைக்கும் புதிதாக இருக்கும். அவர்கள் சொல்வதும் உங்களுக்கு அப்படித்தான். வேலையிடத்தில் பொதுத் தமிழ் கதையுங்கள், வீட்டுக்கு எடுக்கும்போது ஊர்ப் பேச்சிலேயே கதையுங்கள். மாற்றிக்கொள்ள வேண்டிய குறை அதில் எதுவும் இல்லை. நாலு ஊர்த் தமிழையும் ஓரிடத்தில் கேட்க வேண்டுமென்றால் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்குப் போங்கள். வெள்ளவத்தையில் இருக்கிறது, நூலகமும் உண்டு. தனியே அறையில் கிடந்து மனம் சோர்கிற சனி, ஞாயிறுகளுக்கு நல்ல இடம். சோர்வு நாட்கணக்கில் விடாமல் நின்று நித்திரையும் கெட்டால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

மகளைத் தனியே அனுப்புகிறோம்.

பெண்கள் மட்டும் தங்கும் விடுதியில் தொடங்குவது நல்லது. அறையைப் பார்க்கத் தாயோ அக்காவோ கூடப் போகட்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள், குளியலறைக்குப் பூட்டு, தெருவிளக்கு, பஸ் தரிப்பிலிருந்து நடை தூரம் நான்கையும் இருட்டிய பிறகு ஒரு தடவை பாருங்கள். பஸ்ஸில் தொந்தரவு வந்தால் சத்தமாகச் சொல்லி நடத்துநரைக் கூப்பிடுங்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம். பொலிஸ் 119, பெண்கள் உதவி 1938. மகளுக்கு ஒரு சொல், பெற்றோருக்கும் அதுவே: நடந்ததைச் சொன்னால் "வீட்டுக்கு வந்துவிடு" என்று கட்டளை வரும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

வருத்தம் வந்தால்?

அவசரத்துக்கு 1990, இலவச அம்புலன்ஸ். வெள்ளவத்தை, தெஹிவளைக்குக் கிட்டிய பெரிய அரச வைத்தியசாலை களுபோவில. நகர நடுவில் தேசிய வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவு இலவசம், விடியவே போய் இலக்கம் எடுக்க வேண்டும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனையிலோ கிளினிக் போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் நோய்நிர்ணய அட்டையையும் கொண்டு வராவிட்டால், எல்லாச் சோதனையும் முதலிலிருந்து தொடங்கும்.

மழைக்காலம் ஒன்றுதானே?

இல்லை. நம் மாரி கார்த்திகை, மார்கழி. கொழும்பில் மே மாதத்திலேயே தென்மேல் பருவமழை பிடித்துவிடும், பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. ஊரில் வெயில் கொளுத்தும் ஜூனில் இங்கே குடையும் நுளம்பு வலையும் வேண்டும், டெங்கு கூடும் காலங்களில் அதுவும் ஒன்று. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள், அஸ்பிரின், இபுபுரூபன் வேண்டாம். இரண்டாம் நாளும் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

குடும்பத்தோடு போகிறோம். வாக்காளர் பதிவை மாற்றவா?

தனியாள் என்றால் ஊரிலேயே விடலாம், வாக்களிக்க ஊருக்கு வரவேண்டும் என்பது மட்டும்தான். சின்னப் பிள்ளை இருந்தால் உடனே மாற்றுங்கள். 1ஆம் தர அனுமதிக்கு வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தோடு, முந்திய ஐந்து வருட வாக்காளர் இடாப்பையும் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். பிள்ளைக்கு நாலு வயதாகும்போது யோசித்தால் பல வருடப் புள்ளி போய்விடும். வாடகைக் குடும்பங்கள் சில வீடுகளில் பதிவுக்குச் சம்மதம் கிடைக்காமல் தவிக்கின்றன. வாடகை பேசும் நாளிலேயே இதையும் பேசிவிடுங்கள்.

சித்திரைக்குக் கொழும்பு வெறிச்சோடும் என்கிறார்களே?

உண்மை. ஏப்ரல் 12 தொடக்கம் நாலைந்து நாள் சாப்பாட்டுக்கடைகள் பல பூட்டு. ஊருக்குப் போவதானால் ரயில் ஆசனத்தை முன்பதிவு திறக்கும் நாளிலேயே பிடிக்க வேண்டும். நிற்பதானால் அரிசி, பருப்பு, டின்மீன் வாங்கி வையுங்கள். போயா நாட்களில் இறைச்சிக் கடையும் பூட்டு.

ஊரிலிருந்து சாமான் எப்படி எடுப்பது?

கொழும்பு பஸ்ஸில் போட்டுவிடுவதுதான் வழமை. அனுப்புகிறவர் பஸ் இலக்கத் தகட்டைப் படமெடுத்து, நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தோடு அனுப்ப வேண்டும். பொதியின் இரண்டு பக்கமும் பெயரும் இலக்கமும் எழுதுங்கள். பஸ் வந்து சேரும் நேரத்துக்கு நீங்கள் அங்கே நிற்காவிட்டால் பொதி திரும்பவும் ஊருக்கே போய்விடும். நண்டு, இறாலை ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து, தண்ணீர் ஒழுகாமல் ஒட்டி அனுப்பலாம், ஒழுகினால் அடுத்த தடவை அந்த நடத்துநர் ஏற்றமாட்டார். எருமைத் தயிர் முட்டியை ஓலைக்கூடையில் இறுக்கி, அசையாதபடி சுற்றிவரக் கடதாசி அடைத்து, பெட்டி அறையில் போடாமல் நடத்துநரின் காலடியில் வைக்கச் சொல்லுங்கள். உறைந்து ஒரு நாள் ஆன முட்டியையே அனுப்புங்கள், அன்று உறைய வைத்தது பொலன்னறுவை தாண்டுமுன் கலங்கிவிடும்.